ஆசாரம் மட்டுமே வீடு இல்லீங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க,

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல, காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவால ஒரு பழைய தொட்டிக்கட்டு வீட்டை 10 நாளைக்கு ஆர்ட் கேலரியா மாத்தி ஊர்ச்சனத்துக்கு தொறந்து விட்டதப் பத்தி செய்தி போட்டிருந்தீங்க. அது நான் பொறந்த வீடுங்க. செய்தி போட்டதுக்கு மொதல்ல நன்றி சொல்லிக்கறேன், அதப் படிச்சுட்டுத்தான் திருப்பூரு, தாராபுரம், கரூருன்னு எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்தாங்க. ஆனா ரெண்டு விசயம் சொல்லியே ஆகோணும், மனசுலயே வெச்சிருந்தா எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. ஒண்ணு நீங்க போட்ட போட்டோ. ஆசாரத்து (முன்கூடத்து) தூணு, ஊஞ்சப் பலகை, சுவத்துல அப்பாரு (அப்பாவோட அப்பா) படம், கீழ "நம் முன்னோர் வாழ்ந்த அழகிய வாழ்க்கை"ன்னு ஒரு வரி. இன்னொண்ணு, அடுத்த வாரம் இதே கடிதப் பகுதில ஒரு பெரியவரு எழுதியிருந்தது, வந்த ஒறம்பரைய (விருந்தாளிங்கள) மாட்டுக் கட்டுத்தறி வழியா உள்ள கூட்டிட்டுப் போறதுதான் கலையா, குடும்பத்து அடுப்படிய ஊருக்கே காட்டறது மானக்கேடு இல்லையான்னு. வயசுல பெரியவரு, அவர மரியாதைக் கொறவா ஒண்ணும் சொல்ல வரலைங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு அந்த வீட்டுப் பொண்ணு நான் சொல்றதுதான் மொறைன்னு தோணுச்சு, அதான் எழுதறேன். எனக்கு 57 வயசு, எண்ணெய் மில்லு வெச்சிருக்கறேன், எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா திருத்திப் போட்டுக்குங்க, ஆனா வெட்டிப் போடாதீங்க.

வீட்டப் பத்தி மொதல்ல சொல்லிடறேன். அப்பாரு கட்டுனது, நடுவால மழை விழுகற தொட்டி, சுத்தியும் தாவாரம், தேக்குத் தூணு, மேல நாட்டு ஓடு. எங்க பக்கம் பண்ணையக்காரங்க வீட்டுக்கு ஒரு வரிசை உண்டுங்க. மொதல்ல வாசல், பொறகு திண்ணை, ஆசாரம், தொட்டி, சாமி ரூம்பு, சமையக்கட்டு, பொடக்காளி (பொழக்கடை), அதுக்கும் பின்னால கட்டுத்தறி, அதத் தாண்டுனா களம், அப்பறம் கொரங்காடு (மேய்ச்சக்காடு). இதுல யாரு எது வரைக்கும் வரலாம்னு ஒரு கணக்கு இருந்துச்சு, எங்கயும் எழுதி வெக்கல, ஆனா அந்த ஊருல பொறந்த கொழந்தைக்குக்கூட தெரியும். வழிப்போக்கரு திண்ணையோட சரி. ஒறம்பரைன்னா ஆசாரம். பங்காளி வீட்டுப் பொம்பளைங்கன்னா சமையக்கட்டு வரைக்கும் வரலாம். எங்க காட்டுல வேலை செஞ்சவங்க வீட்ட சுத்திக்கிட்டு பின்னால கட்டுத்தறிக்கு வரோணும், அதோட நின்னுக்கோணும், பொடக்காளி படிய மிதிக்கக் கூடாது. கல்யாண மண்டபமெல்லாம் வர்றதுக்கு முந்தி வீட்டுலயே பந்தல் போட்டு கல்யாணம் பண்ணுவாங்க, மூணு நாளைக்கு ஊரே வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி இருக்கும், அப்பவும் இந்தக் கணக்கு மட்டும் மாறாது, பந்தி கூட தனித்தனிதான்.

அண்ணன் இந்த வீட்ட இடிச்சுப்போட்டு புதுசா கட்டறதுன்னு முடிவு பண்ணி ஒரு வருசமாச்சு. மழைக்கு ஒழுகுது, மரத்துல செதலு, ஓடு மாத்த ஆளு கெடைக்கறதில்ல, அம்மா ஒருத்தரு மட்டும் அத்தனை பெரிய வீட்டுல தனியா இருக்காங்க, அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குது. தூணு, கதவு, நெலவெல்லாம் வெலைக்குக் கேட்டு புரோக்கருங்க நாலு தடவை வந்துட்டுப் போயாச்சு. அண்ணன் பொண்ணு கும்பகோணத்துல கவின்கலை படிச்ச புள்ளை, "அப்பா, இடிக்கறதுக்கு முன்னாடி 10 நாளைக்கு வீட்ட எங்கிட்ட குடுங்க"ன்னு கேட்டுச்சு. அண்ணனும் செரின்னுட்டாரு. வர்றவங்களுக்கு நாலு ஓவியத்த மாட்டி வெக்கும்னு நாங்க நெனச்சோம். அது ஒரு ஓவியத்தக்கூட மாட்டல.

மூணு மாசம் அதோட அப்பத்தா, அதாவது எங்க அம்மா கூடயே தங்கி, எந்தச் சாமான் எங்க இருந்துச்சு, யாரு அதப் பொழங்கினாங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டு நோட்டுல எழுதுச்சு. சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்க வேண்டாம்னுருச்சு. சமையக்கட்டுல அடுப்புக்கு மேல பொகை படிஞ்ச சுவத்துல எங்க அப்பத்தா சுண்ணாம்புல போட்ட பால் கணக்குக் கோடு இன்னும் இருக்குதுங்க, நாலு கோடு நட்டமா, அஞ்சாவது குறுக்கால, இப்படியே வரிசையா ஒரு ஆளு ஒசரத்துக்கு. அதுல சில கோட்டு மேல விரல்ல தேச்சு அழிச்சிருப்பாங்க, பணம் வந்துருச்சுன்னு அர்த்தம், அழியாத கோடெல்லாம் வராத பணம். 40 வருசமா அந்த அடுப்பு முன்னால நின்னவங்க யாரும் அதப் பாத்ததில்ல, சுவத்துல அழுக்குன்னுதான் நெனச்சோம். இந்தப் புள்ளை ஒரு குண்டு பல்ப அது பக்கம் திருப்பி வெச்சுது, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவங்கன்னு நாங்க சொல்லிட்டிருந்த எங்க அப்பத்தா கணக்குப் புத்தகம் அதுங்க. ஸ்கூல் புள்ளைங்க வந்து அதத் தொடப் போனப்போ நான் பதறிட்டேன், அது "தொடட்டும் அத்தை, மெதுவா தொடச் சொல்லுங்க"ன்னுது. கயிறு கட்டல, கண்ணாடி போடல. தொட்டிக்கு மேல அம்மாவோட பழைய நூல் சேலைய வரிசையா கட்டி விட்டிருந்துச்சு, வெயில் அதுக்குள்ள வடிஞ்சு கீழ எறங்கும், பொழுது சாய்ஞ்சா தரையெல்லாம் ஒரு மாதிரி அரக்கு கலரு. ஆட்டாங்கல்லு பக்கத்துல போனா மாவாட்டற சத்தம் கேக்கும், அம்மா ஆட்டறப்போ செல்போன்ல புடிச்சு வெச்சது.

ஆனா இதெல்லாத்தையும் விட முக்கியமா அது செஞ்சது வழிய மாத்துனது. முன்னால வாசக்கதவ உள்ள வர்றவங்களுக்கு சாத்திருச்சு. வர்றவங்க அல்லாரும், யாரா இருந்தாலும், களத்துல எறங்கி கட்டுத்தறி வழியா உள்ள வந்து, பொடக்காளிப் படியேறி, சமையக்கட்டு, தொட்டி, ஆசாரம்னு நடந்து, கடைசில திண்ணை வழியா வெளிய போகோணும். எங்க காட்டுல வேலை செஞ்சவங்க எந்த வழியா வந்தாங்களோ அந்த வழியாத்தான் நாட்டாமையும் வரோணும், வேலை செஞ்சவங்க எட்டிக்கூடப் பாக்காத திண்ணைல எறங்கித்தான் அவியளும் போவாங்க. உங்க நிருபர் தம்பி அவசரத்துல இருந்தாரு, வேற ஒரு நிகழ்ச்சிக்குப் போகோணும்னாரு, முன்கதவ தொறந்து விடச் சொல்லி ஆசாரத்த மட்டும் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாரு. அதனாலதான் அந்த "அழகிய வாழ்க்கை" வந்துச்சுன்னு நெனைக்கறேன், அவரு மேல எனக்குக் கோவம் இல்ல, ஆனா அந்தப் போட்டோவ மட்டும் பாத்த சனத்துக்கு அந்தப் புள்ளை சொல்ல வந்தது தலைகீழாத்தான போய்ச் சேந்திருக்கும்?

இந்த மாதிரி குடியிருக்கற வீட்டையே காட்சியா தொறந்து விடறது நம்ம ஊருக்குப் புதுசு, வெளிய இது ரொம்ப நாளா நடக்குதுங்க. அந்தப் புள்ளை சொல்லித்தான் எனக்கும் தெரியும், பொறகு நானே தேடிப் படிச்சேன். பெல்ஜியத்துல கென்ட்னு ஒரு ஊரு, அங்க 1986ல யான் ஹூட்ங்கிற மியூசியம் டைரக்டரு 50 பேருக்கு மேல கலைஞருங்கள கூப்பிட்டு, மியூசியத்துல எடம் குடுக்காம ஊர்க்காரங்க வீடுகளுக்கு அனுப்பிட்டாரு. சனம் வீடு வீடா போயி கதவத் தட்டி அடுத்தவங்க ஹால்லயும் படுக்கை ரூம்லயும் நின்னு பாத்துட்டு வந்தாங்க. அதுக்கு பிரெஞ்சுல வெச்ச பேருக்கு நம்ம பாசைல அர்த்தம் சொன்னா ஒறம்பரை ரூம்பு. எனக்கு இது ரொம்பப் புடிச்சிருந்துச்சு. அதுக்கும் முந்தி 1972ல அமெரிக்காவுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஜூடி சிகாகோ, மிரியம் ஷாபிரோன்னு ரெண்டு பொம்பளைங்க, தங்கிட்ட படிச்ச பொண்ணுங்கள கூட்டிக்கிட்டு இடிக்கப் போற ஒரு பழைய பங்களாவ எடுத்து, ரூம்பு ரூம்பா வேலை செஞ்சிருக்காங்க. துணி அடுக்கற அலமாரிக்குள்ள ஒரு பொம்மைப் பொம்பளை, அடுக்கு அடுக்கா இருக்கற பெட்ஷீட்டுக்கு நடுவால ஒடம்பு துண்டு துண்டா மாட்டிக்கிட்டு நிக்கற மாதிரி. சமையக்கட்டுல சுவரு, விட்டம் பூராம் பொரிச்ச முட்டை, அது வர வர பொம்பளை மாரா மாறும். ஒரு மாசம் தொறந்து வெச்சிருந்தாங்க, பொறகு கட்டடத்த இடிச்சுட்டாங்க. அந்தப் பெரியவரு கேட்ட அதே கேள்விய அப்பவும் கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கறேன், அடுப்படிய ஊருக்குக் காட்டறதான்னு. அடுப்படியிலதான அந்த வீட்டுப் பொம்பளைங்க ஆயுசே போச்சு, வேற எதக் காட்டுவாங்க?

லண்டன்ல ரேச்சல் வைட்ரெட்னு ஒருத்தர், 1993ல வரிசையா எல்லா வீட்டையும் இடிச்ச தெருவுல மிச்சம் இருந்த ஒரே ஒரு வீட்டுக்குள்ள சுவரு பூராம் காங்கிரீட்ட தெளிச்சுப் பூசி, பொறகு வெளிச்சுவர உரிச்சு எடுத்துட்டாங்க. வீடு போயிருச்சு, உள்ள இருந்த காத்து நின்ன எடம் மட்டும் கல்லா நிக்குது. ரெண்டு மாசத்துக்கு மேல கொஞ்சம்தான் நின்னுச்சு, 1994 ஜனவரி 11ல அதையும் அந்த ஊரு நிர்வாகம் இடிச்சிருச்சு. அந்தப் படத்த அண்ணனுக்குக் காட்டுனேன், ரொம்ப நேரம் செல்லக் கீழ வெக்கல.

இப்ப நான் எழுத வந்த விசயத்துக்கு வர்றேன். கட்டுத்தறி எரவாரத்துல (கூரை ஓரத்துல) ஒரு ஈயப்போசி, குடிக்கற ஏனம், சொருகி இருக்கும்ங்க, எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து அங்கதான் இருக்குது. காட்டு வேலைக்கு வர்றவங்களுக்கு நீச்சத்தண்ணியோ கூழோ அதுலதான். அவிய எடுத்துக் கழுவிக்கிட்டு ரெண்டு கையிலயும் புடிச்சுக்குவாங்க, நாங்க மேல இருந்து தூக்கி ஊத்தோணும், எங்க சொம்பு அந்தப் போசில படக் கூடாது. குடிச்சுட்டு அவியளே கழுவி எரவாரத்துல சொருகிட்டுப் போவாங்க. தீண்டாமைய குத்தம்னு சொல்ற சட்டம் 1955லயே வந்துருச்சு, 1976ல அத இன்னும் இறுக்கி குடிமை உரிமைச் சட்டம்னு ஆக்கினாங்க, அந்த 1976ல எனக்கு 8 வயசு, ஸ்கூல்ல தீண்டாமை ஒரு பாவச்செயல்னு புத்தகத்து மொத பக்கத்துல படிச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தப் போசில தூக்கி ஊத்துனவ நானுங்க. இத எழுத எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

அண்ணன் பொண்ணு அந்தப் போசியப் பாத்து "இது என்ன அப்பத்தா, ஏன் வெளிய இருக்குது"ன்னு கேட்டுச்சாம். அம்மா பதில் சொல்லாம எந்திரிச்சு உள்ள போயிட்டாங்களாம். எங்கிட்ட கேட்டுச்சு, நான் சொன்னேன். அது போசிய எடுக்கல, தொடைக்கல, வெள்ளைத்துணி விரிச்சு மேடை போடல. இருந்த எடத்துலயே விட்டுட்டு, உள்ள வர்ற ஆளுங்க அல்லாரும் அதுக்குக் கீழ குனிஞ்சு வர்ற மாதிரி மட்டும் பாதை வெச்சுது.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, எங்க பண்ணையத்துல 30 வருசம் வேலை செஞ்ச ஒரு அம்மா வந்தாங்க. இப்ப 80 கிட்ட இருக்கும். பேர இங்க எழுதல, அவியளக் கேக்காம பேப்பர்ல போடறது மொறை இல்ல. பேத்தி பனியன் கம்பெனில கணக்குப் பாக்குது, ஸ்கூட்டில வெச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. சின்ன வயசுல நான் அவியள பேரச் சொல்லி வா போன்னுதான் கூப்புடுவேன், எனக்கு 8 வயசு அவியளுக்கு 30. அன்னைக்கு "வாங்காத்தா"ன்னேன். "நல்லாருக்கீங்களா அம்மிணி"ன்னாங்க, அவிய எப்பவும் போல. எரவாரத்துக்குக் கீழ வந்ததும் நின்னாங்க, கைய மேல நீட்டி போசிய எடுத்துட்டாங்க. பேத்தி என்னமோ ஆயிருமோன்னு என்னைய பாக்குது. அவிய போசியக் கவுத்து அடில காட்டுனாங்க, அங்க ஒரு கட்டைவெரல் அகலத்துக்கு வெள்ளையா ஒரு ஒட்டு. "ஓட்டையாகி ஒழுகிட்டே இருந்துச்சுங்க அம்மிணி, உங்க அப்பத்தாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன், பாக்கலாம் பாக்கலாம்னாங்க, நாந்தான் சந்தைக்கு எடுத்துட்டுப் போயி காசு குடுத்து அடைச்சுட்டு வந்தேன்"னு சொன்னாங்க.

50 வருசமா எங்க வீட்டுச் சாமான்னு நாங்க நெனச்சுட்டிருந்தது, அவிய கைக்காசு போட்டு ஒழுகாம வெச்சிருந்ததுங்க. அன்னாடம் கெடைச்ச கூலில.

பொறகு பேத்தி கையப் புடிச்சுக்கிட்டு பொடக்காளிப் படி ஏறுனாங்க. சமையக்கட்டுல பால் கணக்கப் பாத்து, இதுல பாதி மாட்ட நான்தான் கறந்தேன்னாங்க. ஆசாரத்துல ஊஞ்சல்ல உக்காருங்கன்னு பேத்தி சொல்லிச்சு, வேண்டாம்னு தரைல உக்காந்தாங்க, நானும் கூட உக்காந்தேன். எவர்சில்வர் டம்ளர்ல காபி குடுத்தேன். அம்மா உள்ரூம்ப விட்டு வெளிய வரவே இல்ல, கால் வலின்னுட்டாங்க. ரவைக்கு வெளக்கணைக்கறப்போ கேட்டாங்க, "அவ காபி குடிச்சாளா?" குடிச்சாங்கன்னேன். "எதுல குடுத்தே?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்ல. "செரி"ன்னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க. அது எந்த செரின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல, 82 வயசுல அவங்கள ஒக்கார வெச்சு கேக்கவும் எனக்கு மனசு வரல.

அந்தப் பெரியவரு கடிதத்துக்கு இதான் என்ற பதிலு. பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருத்தரும் அப்படித்தான், கட்டுத்தறி வரைக்கும் வந்துட்டு "என்னைய இந்தப் பக்கமா வரச் சொல்றீங்களா"ன்னுட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. எங்களுக்கு வருத்தம்தான், ஒரே ரத்தம். ஆனா ஒரு நாளு ஒரு தடவை அந்த வழியா வர்றதே அவருக்கு அத்தனை கஸ்டமா இருந்துச்சுன்னா, தெனமும் 30 வருசம் அந்த வழியாவே வந்து போனவங்களுக்கு எப்படி இருந்திருக்கும், அத நாம யாராச்சும் கேட்டிருக்கமா? வீட்டு மானம்னு அவரு எழுதியிருக்காரு, எங்க வீட்டு மானம் அந்த எரவாரத்துலதான் அம்பது வருசமா தொங்கிட்டிருந்துச்சு, இப்பத்தான் நாங்க நிமிந்து பாத்தோம்.

பழைய வீடுகள காப்பாத்தறதப் பத்தியும் உங்க செய்தில எழுதியிருந்தீங்க, அதுக்கும் ஒண்ணு சொல்லோணும். முட்டுக்காட்டுல தட்சிணசித்ரா 1996லருந்து இருக்குது, ஊருல இருந்த வீட்டப் பிரிச்சுக் கொண்டு போயி அங்க மறுபடியும் கட்டி வெச்சிருக்காங்க, நான் பாத்திருக்கறேன், ரொம்ப அக்கறையா செஞ்சிருக்காங்க, இல்லாட்டி அந்த வீடெல்லாம் போயே போயிருக்கும். ஈரோட்டுல பெரியார் வீடு இருக்குது, அண்ணாவும் அங்க தங்கியிருந்தாரு, அரசாங்கமே நினைவு இல்லமா வெச்சிருக்குது, தெருவோட தெருவா இருக்கறதால உள்ள போனா ஒரு வீட்டுக்குள்ள போன மாதிரியே இருக்கும். ஆனா நம்ம மாதிரி சாதாரணக் குடும்பத்து வீட்ட அரசாங்கம் எத்தனைய வாங்கும்? பெருந்துறைல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் மாசம் எத்தனை வீட்டு ஓடு எறங்குதுன்னு ரோட்டுல போற லாரியப் பாத்தாலே தெரியுது. தூணு ஓட்டலுக்குப் போகுது, கதவு ரிசார்ட்டுக்குப் போகுது, அங்க அதுக்கு வார்னிஷ் அடிச்சு வெச்சா பாக்கறவங்க அழகா இருக்குதுன்னு செல்பி எடுக்கறாங்க. ஈயப்போசி பழைய இரும்புக்காரன் மூட்டைக்குப் போகுது. எது யாருகிட்ட போகுதுன்னு பாத்தீங்கன்னா உங்க போட்டோவும் அதே மாதிரி ஆசாரத்தோட நின்னுருச்சுங்கறது புரியும்.

அதனால இடிக்கறதுன்னு முடிவு பண்ணின ஒவ்வொரு வீட்டுக்காரங்களும், இடிங்க, உங்க வீடு உங்க இஷ்டம், ஆனா அதுக்கு முந்தி 10 நாளைக்கு, முடியாட்டி ரெண்டே நாளைக்கு, பின்னால கதவையும் சேத்து தொறந்து விடுங்க. பெரிய கலைஞரெல்லாம் வேண்டியதில்லீங்க. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ல ஜிம் ஈட்னு ஒருத்தரு 1957லருந்து தன் வீட்டக் கதவ மத்தியானத்துல தொறந்து வெச்சுக்கிட்டு, படிக்கற பசங்க வந்தா உள்ள கூப்புட்டுக் காட்டுவாரு, அந்த நாற்காலில இன்னைக்கும் உக்காந்து பாக்கலாம், அவ்வளவுதான் அவரு செஞ்சது. அந்த வீட்டுல வேலை செஞ்சவங்கள தேடிப்போயி கூப்புடுங்க, கார்டு அடிச்சு கூப்புடாட்டியும் வீட்டுக்கே போயி வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்புடுங்க. எந்தச் சாமான யாரு பொழங்குனாங்கன்னு அவிய சொல்லட்டும், வீட்டுக்காரங்க நாம கொஞ்சம் வாய மூடிக்கிட்டு கேட்டுக்கலாம். எங்க வீட்டுல அண்ணன் பொண்ணு கட்டுத்தறி சுவத்துல அடுப்புக்கரில 23 பேரு எழுதியிருக்குது, அத்தனையும் அந்த அம்மா ஒருத்தரு ஞாபகத்துலருந்து சொன்னது, அதுல பாதிப் பேர நான் மறந்தே போயிட்டேன், 4 பேரு பேரு எனக்கு எப்பவுமே தெரிஞ்சதில்ல.

அண்ணன் இடிக்கறத தை மாசம் வரைக்கும் தள்ளிப் போட்டிருக்காரு. கட்டுத்தறிய மட்டும் விட்டுட்டு முன்னால கட்டலாமான்னு இஞ்சினியர்கிட்ட கேட்டுட்டிருக்காரு, முடிவாகல. போசி விசயம் மட்டும் முடிவாயிருச்சு. ஒட்டு வெச்ச காசு அவியளது, அதனால போசியும் அவியளதுன்னு சொல்லி குடுத்தனுப்பலாம்னு நான் போனேன், "எனக்கெதுக்கு அம்மிணி அது, அங்கயே இருக்கட்டும், பசங்க வந்து பாக்கட்டும்"னுட்டாங்க. அங்கயேதான் இருக்குது.

அதுக்குள்ள உங்க நிருபர் தம்பிய இன்னொரு தடவை அனுப்புங்க அய்யா. முன்கதவு சாத்தியே இருக்கும், தட்ட வேண்டாம். ரோட்டுல இருந்து கெழக்கால திரும்புனா கிளுவை வேலி, அத ஒட்டியே வந்தா களம், அங்க வேப்பமரத்தடில வண்டி நிறுத்த எடம் இருக்குது. கட்டுத்தறி ஓடு தாழ்வா இருக்கும், குனிஞ்சு வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர 30 வருசமா வாங்கற ஒரு வாசகி,
காங்கேயம் பக்கம்.